அது தூத்துக்குடி இல்லை, தூத்தூர்



கொஞ்சம் நீளமான பதிவு. என் கணக்கு வகுப்பில் 45 நிமிடம் உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது பெரிய தண்டனையாக இருக்காது.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்தது. இரண்டு நாள் கழித்து அதுவே என் பழைய மாணவர்கள் குழு இரண்டிலும் வந்தது. "தூத்துக்குடி மீனவர் மகன், இன்று 90 லட்சம் சம்பளம் வாங்கும் கால்பந்து வீரர். வறுமையை வென்ற தமிழன். ஷேர் பண்ணுங்க." கீழே ஒரு படம். எத்தனை பேர் கைதட்டியிருந்தீர்கள் என்று எண்ணிப் பார்த்தேன். எண்ணுகிற புத்தி இன்னும் போகவில்லை. 43 பேர். அதில் ஒருவர்கூட "இவர் எந்த ஊர், பேர் என்ன?" என்று கேட்கவில்லை.

படத்தில் இருப்பவர் மைக்கேல் சூசைராஜ். ஊர் தூத்துக்குடி இல்லை. தூத்தூர் பக்கம், இரவிபுத்தன்துறை. கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலையும் தாண்டி, கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை. யாரோ ஒருவர் 'தூத்தூர்' என்று எழுதியதை இன்னொருவர் 'தூத்துக்குடி' என்று திருத்தி நமக்கு அனுப்பிவிட்டார். பெயர்ப் பொருத்தத்தில் நமக்கு இலவசமாக ஒரு வீரர் கிடைத்துவிட்டார்.

90 லட்சம் என்பதும் சம்பளம் இல்லை. ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்கு ஆட்டக்காரர் மாறும்போது, வாங்குகிற கிளப் விற்கிற கிளப்புக்குக் கொடுக்கும் மாற்றுத் தொகை அது. வீட்டு வாசலில் நிற்கும் லாரியின் விலையை டிரைவரின் சம்பளம் என்று சொல்வது போல. இது தெரியாமல் பகிர்ந்ததற்காக யாரையும் திட்டப் போவதில்லை. வேறு ஒன்றுக்காகத்தான் கோபம். இந்தச் செய்தியை என் தம்பி தன் பேரனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். பையனுக்கு வயது 15. நன்றாகப் பந்து ஆடுவான். வெளியூர் அகாடமி ஒன்று அவனைச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறது. அதில் கையெழுத்து போடலாமா வேண்டாமா என்றுதான் பத்து நாளாக நம் வீட்டில் சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவே இந்த 90 லட்சம் வந்து விழுந்திருக்கிறது.

அதனால் முதலில் சூசைராஜ் கதையையே ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். அவர் கதை அந்தச் செய்தியில் வந்ததைவிடப் பெரியது, கனமானது.

1994-ல் பிறந்தவர். தூத்தூர் கரையின் எட்டு ஊர்க்காரர்களும் ஆழ்கடல் தொழில்காரர்கள். சுறாவுக்குப் போனால் கரை திரும்ப நாள்கணக்கு, வாரக்கணக்கு ஆகும். அந்தக் கரையில் கால்பந்து என்பது பொழுதுபோக்கு இல்லை, ஊர் மானம். சூசைராஜின் சகோதரர் ரெஜினும் தொழில்முறை ஆட்டக்காரர். ஒரே வீட்டில் இரண்டு பேர். அப்படியென்றால் அது ஒரு 'தனிமனிதன் வறுமையை வென்ற' கதை ஆகுமா? ஒரு கரையே பல தலைமுறையாக மணலில் பந்து உதைத்து, கோயில் திருவிழாவுக்குத் திருவிழா போட்டி நடத்தி, சின்னப் பையன்களைப் பெரியவர்களோடு மோதவிட்டு வளர்த்த ஆட்டம் அது. இதைச் சொல்லாமல் 'மீனவர் மகன்' என்று மட்டும் சொன்னால், மீனவர் வீட்டில் பிறந்தது ஏதோ ஒரு குறை, அதைத் தாண்டி வந்தார் என்று அர்த்தமாகிறது. நம்மில் எத்தனை பேருக்கு அப்பாவும் தாத்தாவும் கடலுக்குப் போனவர்கள்? நமக்கே இது உறைக்கவில்லையே.

இடதுகால் ஆட்டக்காரர். சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் ஆடினார். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அந்தக் கரையை அடித்துப்போட்டதே, அந்தப் பருவத்தில்தான் அவர் பேர் வெளியே தெரிய ஆரம்பித்தது. ஊரில் திரும்பி வராத படகுகளுக்காகக் கரையில் நின்ற அதே மாதங்கள். 2018-ல் ஜாம்ஷெட்பூர் கிளப் அவரை எடுத்தது. இந்தியன் சூப்பர் லீக்கில் முதல் வருடமே நின்றுவிட்டார். 2019-ல் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பையில் இந்திய அணிச் சட்டை போட்டார். அதே வருடம் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்குப் போனார், அந்த மாற்றத்தின் தொகைதான் உங்கள் 90 லட்சம். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் இறுதி ஆட்டம், எதிரே சென்னையின் எஃப்.சி. கொரோனா பயத்தில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத மைதானம். ஏ.டி.கே. 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கியது. குமரிக் கரைப் பையன் சென்னைக்கு எதிராக ஆடிச் சாம்பியன் அணிக்காரனானான், பார்க்க ஆள் இல்லாமல்.

அடுத்த பருவத்தின் முதல் ஆட்டம் 2020 நவம்பர் 20. ஏ.டி.கே. மோகன் பகானும் கேரளா பிளாஸ்டர்ஸும். ஆட்டம் சூடு பிடிப்பதற்குள், முதல் பாதியிலேயே சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். அந்தப் பருவம் அதோடு போயிற்று. வயது 26. ஒரு கால்பந்து ஆட்டக்காரரின் நடுமதியம் அது. அதன்பிறகும் ஆடினார். ஆனால் காயத்துக்கு முந்தைய அந்தச் சூசைராஜை, இடப்பக்கக் கோட்டை ஒட்டி ஓடிவருகிற அந்த ஆளை, அதே இடத்தில் தொடர்ந்து பார்க்க முடியவில்லை.

பகிரப்பட்ட செய்தியில் இந்த முழங்கால் இல்லை. முழங்கால் இருந்தால் நீங்கள் பகிர்ந்திருக்க மாட்டீர்கள். அவர் தோற்றவர் என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். முதல் தரமாக ஆடினார், நாட்டுக்காக ஆடினார், கோப்பை வாங்கினார். தொழில் என்றால் இப்படித்தான் இருக்கும், ஏற்றமும் அடியும் சேர்ந்து. நீங்கள் அதை லாட்டரிச் சீட்டு ஆக்குகிறீர்கள். அதில்தான் எனக்கு எரிகிறது.

என் தாத்தா முத்துக்குளித்தவர். சின்னப் பிள்ளையில் அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குவார்கள். மேலே வள்ளத்தில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே இருப்பவர் கயிற்றை இழுத்துக் காட்டியதும் தூக்க வேண்டும். ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின், அவ்வளவுதான் மூச்சு. அதனால் கயிறு பிடிக்க மச்சானைத்தான் வைப்பார்கள் என்று நம் ஊரில் சொல்வார்கள். தங்கச்சி தாலி மேலே இருப்பவன் கையில் இருக்கிறது என்பதால் அவன் அசர மாட்டான். அள்ளி வந்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. நான் பார்த்த தாத்தா முத்து எடுத்த தாத்தா இல்லை, இரண்டு காதும் கேட்காத தாத்தா. கத்திப் பேச வேண்டும். கடலடி அழுத்தம் காதைத் தின்றுவிட்டது. ராணி கழுத்தில் நம் ஊர் முத்து என்று மேடையில் பேசுகிறவர் எவரும் அந்தக் காதைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

கால்பந்தும் மூச்சடக்குகிற தொழில்தான். பத்துப் பன்னிரண்டு வருடம். 18-ல் தொடங்கினால் 30-ல் மேலே வந்துவிட வேண்டும். மேலே கயிறு பிடிக்க யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பிள்ளையை இறக்கிவிடும் வீடு கேட்க வேண்டும். நாம் கேட்பதோ எத்தனை முத்து என்று.

இப்போது மறுபக்கத்துக்கு வருகிறேன். "பந்து சோறு போடுமா அக்கா? பேசாம பாலிடெக்னிக்ல போட்டுருவோம்" என்று தம்பி வீட்டில் மாப்பிள்ளை சொன்னார். குழுவில் ஐந்தாறு பேர் அதற்கும் கைதட்டினீர்கள். 90 லட்சத்துக்குக் கைதட்டிய அதே கைகள். மாப்பிள்ளை, உங்களிடம் எனக்குக் கோபம் இல்லை, ஏனென்றால் நீங்கள் சொன்னதை உங்களுக்கு முன்பே சொன்னவள் நான்.

1990-களின் நடுவில் என் வகுப்பில் ஒரு பையன். பெயர் சொல்ல மாட்டேன். அவனும் இதைப் படிப்பான். கடற்கரை ஊரிலிருந்து பஸ்ஸில் வருவான். கணக்கில் 30 தாண்ட மாட்டான். ஆனால் மாலையில் மைதானத்தில் அவன் பந்தோடு திரும்பும்போது, எதிரே நிற்கிற பையன் எந்தப் பக்கம் விழுவது என்று தெரியாமல் நிற்பான். கால்பந்து தெரியாத எனக்கே அது தெரிந்தது. பொதுத்தேர்வு வருடம் அவன் பந்தைப் பிடுங்கி ஆசிரியர் அறை பீரோவில் பூட்டி வைத்தேன். அவன் அம்மா பள்ளிக்கு வந்தபோது சொன்னேன்: "பந்து சோறு போடாது, எழுதி வச்சுக்கிடுங்க." அவன் ஒருவழியாகத் தேறினான். பிறகு ஊர்த் திருவிழாப் போட்டியில் ஆடி முழங்கால் திரும்பிவிட்டது. நாட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு வைத்துக் கட்டுப் போட்டார். வீக்கம் வற்றியது. மூன்று வாரத்தில் மறுபடி இறங்கினான், ஒரு அலுவலக அணித் தேர்வுக்கு. அங்கே மறுபடி கிழிந்தது. லிகமெண்ட் என்ற சொல்லையே அன்று எங்களில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. அந்த வீட்டுக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது, படித்த எனக்கும் தெரியாது. அவன் அம்மா வந்து அழுதபோது நான் சொன்ன வார்த்தை இது: "நல்லதாப் போச்சு, இனி ஒரு வேலையைப் பாப்பான்."

இன்று அவன் துறைமுகத்துக்குக் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறான். நன்றாக இருக்கிறான், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறான். இரண்டு வருடத்துக்கு முன்பு மதுரை சாலையில் என்னைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி இறங்கி வந்தான். இறங்கும்போது இடது காலை இரண்டு கையாலும் தூக்கி வைத்தான். கிளட்ச் மிதித்து மிதித்து ராத்திரி தூங்க முடியவில்லை என்றான். "டீச்சர், அந்தப் பந்து இன்னும் பீரோவுலயா இருக்கு?" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

பந்து சோறு போடாது என்று நான் சொன்னது அன்றைக்குக் கணக்குப்படியும் தப்பு. அப்போது பந்து சோறு போட்டுக்கொண்டுதான் இருந்தது. இந்தியன் வங்கி, ரயில்வே, ஐ.சி.எஃப்., மின்வாரியம், சுங்கத்துறை, போலீஸ் என்று ஆட்டக்காரர்களுக்கு வேலை கொடுத்த இடங்கள் இருந்தன. இந்தியன் வங்கி அணி தேசிய லீக்கிலேயே ஆடியது. துறைமுகங்களுக்கு இடையே கால்பந்துப் போட்டி நடக்கும். நம் துறைமுகத்திலும் பந்தை நம்பி வேலைக்குப் போனவர்கள் உண்டு. காலையில் பயிற்சி, பிறகு கையெழுத்துப் போட அலுவலகம், மாதம் பிறந்தால் சம்பளம். கால் போனாலும் மேசை இருந்தது.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று ஞாபகம் இருக்கும். 'சோவியத் நாடு' பத்திரிகை. வழவழ தாள். வாசித்தோமோ இல்லையோ, நோட்டுப் புத்தகங்களுக்கு அதில்தான் அட்டை போடுவோம். என் நோட்டு ஒன்றில் கறுப்பு உடை போட்ட ஒரு கோல்கீப்பர் பாய்ந்துகொண்டிருப்பார். லெவ் யாஷின் என்று ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1929-ல் மாஸ்கோவில் தொழிலாளி வீட்டில் பிறந்தவர். போர்க்காலத்தில் பள்ளிக்கூட வயதிலேயே ஆலை வேலைக்குப் போனார். ஆலை அணியில் கோல் காத்தவரை டைனமோ எடுத்துக்கொண்டது. டைனமோ என்பது அங்கே உள்துறையின் கிளப். நம் போலீஸ் அணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிவரை அந்த ஒரே கிளப். 1963-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது. கோல்கீப்பர் ஒருவர் அதை வாங்கியது அந்த ஒரு முறைதான். சோவியத்தில் அன்று தொழில்முறை ஆட்டம் என்று பெயருக்கு ஒன்றும் கிடையாது. எல்லோரும் ஏதோ ஒரு துறையின் ஊழியர்கள். அதில் ஆயிரம் பொய் உண்டு, தெரியும். வேண்டாத கிளப்புக்குப் போகச் சொல்வார்கள், வெளிநாடு போக விடமாட்டார்கள். யாஷினுக்கும் கடைசியில் ஒரு காலை எடுக்க வேண்டி வந்தது, 1990-ல் இறந்துபோனார். ஆனாலும் ஓய்வுக்குப் பிறகும் டைனமோவிலேயே அவருக்கு வேலை இருந்தது. அந்த ஏற்பாட்டின் நம் ஊர்ப் பதிப்புதான் இந்தியன் வங்கி மேசையும் துறைமுக வேலையும்.

அந்த மேசை எல்லாவற்றையும் காப்பாற்றிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. கண்ணூர்க்காரர் வி.பி. சத்யன், 1995-ல் நம் சென்னையில் நடந்த தெற்காசிய விளையாட்டில் இந்தியாவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்த கேப்டன். இந்தியன் வங்கியில் வேலை இருந்தது. 2006 ஜூலையில் பல்லாவரத்தில் ரயில் முன் உயிரை விட்டார். 41 வயது. காலில் பட்ட காயங்கள், ஆட்டம் முடிந்தபின் வந்த மனச்சோர்வு. மாதச் சம்பளம் வயிற்றைப் பார்த்துக்கொள்ளும். அடுத்த நாள் காலை ஐந்து மணிக்கு எழுந்து பூட்ஸ் கட்ட வேண்டியதில்லை என்கிற வெறுமையை அது பார்த்துக்கொள்ளாது. இதைப் பேசவும் ஒரு ஆள் வேண்டும். ஆட்டக்காரர்கள் மட்டுமில்லை, கடலை விட்டு வந்த நம் பெரியவர்களிடமும் இந்த வெறுமையைப் பார்த்திருக்கிறேன். சாயங்காலம் கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பார்கள்.

இப்போது அந்த அலுவலக அணிகளில் பல கலைந்துவிட்டன அல்லது பெயருக்கு இருக்கின்றன. வந்திருப்பது கிளப் ஒப்பந்தம். அதன் உறுதி எவ்வளவு? சூசைராஜ் விட்டுப்போன அடுத்த பருவத்தில், 2018-19-ல், சென்னை சிட்டி ஐ-லீக் சாம்பியன் ஆனது. கோயம்புத்தூரில் கொண்டாடினார்கள். சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் பங்கு வாங்கியது. 2020-21 பருவத்தோடு அந்த அணி ஐ-லீக்கிலேயே இல்லை. இரண்டே வருடம். மேல்மட்டமான சூப்பர் லீக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். லீக் நடத்தும் உரிமை ஒப்பந்தம் டிசம்பரில் முடிகிறது, புதுப்பிக்கப்படவில்லை என்று சொல்லி 2025 ஜூலையில் அடுத்த பருவத்தை நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்டில் சில கிளப்புகள் வீரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. இந்திய அணிக்கு ஆடுகிறவர்களே எப்போது ஆட்டம், எப்போது சம்பளம் என்று கேட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நம் 15 வயதுப் பையனுக்கு வாசித்துக் காட்ட வேண்டிய செய்தி இது. 90 லட்சத்தோடு இதையும் சேர்த்து.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை, சண்டைக்கு வருபவர்கள் வரலாம். தமிழ்நாட்டு ஆண்கள் அணி இன்றுவரை சந்தோஷ் கோப்பையை வென்றதே இல்லை. நம் சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் ஒலிம்பிக் போனவர், 1973-ல் பயிற்சியாளராக இருந்து கேரளத்துக்கு அந்தக் கோப்பையை முதன்முதலாக வாங்கிக்கொடுத்தார், நமக்கு இல்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பெண்கள் தேசியப் போட்டியை 2018-லும் 2023-லும் வென்றுவிட்டார்கள். கடலூர் இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கு ஆடிக்கொண்டே போலீஸ் சப்-இன்ஸ்பெக்டராகவும் இருந்தார். பந்தும் மேசையும் இரண்டும் கையில். நம் குடும்பத்தில் எட்டாம் வகுப்பு முடிந்ததும் "வெயில்ல கறுத்துருவா" என்று மைதானத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்த பெண்கள் எத்தனை பேர் என்று நானே சொல்ல முடியும். பட்டியல் போட்டால் பொங்கலுக்கு வீட்டில் சோறு கிடைக்காது.

சரி, பையன் விஷயத்துக்கு வருவோம்.

தம்பி அந்தப் பத்திரத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தடவை வாசித்தேன். அகாடமி பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஐந்து வருடம் அவர்களோடு இருக்க வேண்டுமாம். நடுவில் விலகினால் தங்கிய செலவு, சாப்பிட்ட செலவு, பயிற்சிச் செலவு எல்லாம் திருப்பிக் கட்ட வேண்டுமாம். பிற்காலத்தில் எந்தக் கிளப் எடுத்தாலும் வருகிற தொகையில் பெரும்பங்கு அவர்களுக்காம். காயம் பட்டால் என்ன என்பதற்கு ஒரு வரி உண்டு: 'முதலுதவி வழங்கப்படும்.' படிப்பைப் பற்றி: 'அருகிலுள்ள பள்ளியில் சேர்க்க முயற்சி செய்யப்படும்.' என்ன முயற்சி, எந்தப் பள்ளி என்பது இல்லை. முத்துக்குளிப்பில்கூட மூன்றில் ஒன்று குளித்தவருக்குக் கிடைத்தது.

இதில் இரண்டு விஷயம் சட்டப்படி தெரிந்துகொள்ளுங்கள். 1872-ம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி 18 நிரம்பாத பிள்ளை ஒப்பந்தம் செய்ய முடியாது. அதனால்தான் அப்பா கையெழுத்தைக் கேட்கிறார்கள். கட்டு வீட்டின் மேல் விழுகிறது. இரண்டாவது, உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விதியே 18 வயதுக்குக் கீழ் உள்ள ஆட்டக்காரரோடு மூன்று வருடத்துக்கு மேல் தொழில்முறை ஒப்பந்தம் கூடாது என்கிறது. ஐந்து வருடம் என்று அச்சடித்து அனுப்புகிறவர்களுக்கு இது தெரியாமலா இருக்கும்? தெரியாத அப்பாக்களைத் தேடித்தான் கடற்கரைக்கு வருகிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒரு ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு மாறும்போது, மாற்றுத் தொகையில் 5 சதவீதத்தை, அவருடைய 12 வயது முதல் 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று ஃபிஃபாவில் விதி இருக்கிறது. கிளப் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும், பையன் பெயரும் அங்கே பதிவாகியிருக்க வேண்டும். மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் ஆலந்தலையிலும் வேம்பாரிலும் கரையில் பையன்களை வளர்க்கிற ஊர் அணிகளில் எத்தனை இப்படிப் பதிவு வைத்திருக்கின்றன? திருவிழாப் போட்டிக்குக் கோப்பை வாங்கவும் மைக்செட்டுக்கும் லட்சக்கணக்கில் வசூல் செய்கிறோம். அந்தப் பணத்தில் ஒரு பங்கு போதும், பதிவுக்கு, வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எலும்பு மருத்துவரிடம் காட்டுவதற்கு. துபாயிலும் தோஹாவிலும் இருந்து திருவிழாவுக்குப் பணம் அனுப்புகிற என் மாணவர்களுக்குத்தான் சொல்கிறேன். வாணவேடிக்கையில் ஐந்து நிமிடம் குறையட்டும்.

பையனைப் பற்றி என் முடிவை எல்லோரும் கேட்டீர்கள். "டீச்சர் ஆச்சி வேண்டாம்னு சொல்லிருவா" என்று அவன் சொன்னானாம். இல்லை மக்கா, ஆடு. தருவை மைதானத்தில் போன ஞாயிற்றுக்கிழமை நீ ஆடியதைக் கேட்டுக்கு வெளியே ஆட்டோவில் உட்கார்ந்து நான் பார்த்தேன். உனக்குத் தெரியாது. அந்த இரண்டாவது கோலுக்கு முன்னால் நீ நின்று ஒரு மூச்சு பார்த்துவிட்டுக் கொடுத்தாயே, அப்படி நிற்க ஒருவரும் சொல்லித்தர முடியாது. என் லாரிக்காரப் பையன் அப்படித்தான் நிற்பான்.

ஆனால் இந்தப் பத்திரத்தில் உன் அப்பா கையெழுத்து போடமாட்டார். மூன்று வருடத்துக்கு மேல் இல்லாத, காயம் பட்டால் ஸ்கேனும் அறுவைச் சிகிச்சையும் யார் செலவு என்று எழுதிய, எந்தப் பள்ளி எந்த வகுப்பு என்று பெயரோடு சொன்ன தாள் வந்தால் பார்ப்போம். வராவிட்டால் இங்கேயே ஆடு. உன் பிறப்புச் சான்றிதழிலும் ஞானஸ்நானச் சான்றிதழிலும் தேதி இரண்டு விதமாக இருக்கிறது. வயதுக்கு எலும்புச் சோதனை செய்கிற காலம் இது, முதலில் அதை உன் அம்மா சரிசெய்யட்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தே ஆக வேண்டும். விளையாட்டு இடஒதுக்கீட்டில் போக வேண்டுமென்றாலும் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். கணக்கு நான் சொல்லித் தருகிறேன். செவ்வாயும் வெள்ளியும், பயிற்சி முடிந்து, குளித்துவிட்டு வா. மணலோடு என் வீட்டுக்குள் ஏறாதே.

மாப்பிள்ளை, நீங்கள் புதன்கிழமை விடுப்பு போடுங்கள். போன மாதம் அவன் வலது முழங்கால் வீங்கியதை எண்ணெய் தேய்த்து விட்டதாகத் தங்கச்சி சொன்னாள். ஸ்கேன் செலவு என் ஓய்வூதியத்தில். ஆட்டோ காலை ஒன்பது மணிக்கு வரும்.